மேற்கோள் எண்ணும் ஒரு பெப்டைட்டு விஞ்ஞானியும்

மாத்தளை மாவட்டத்தில் கொக்கோ நிற்கும் தோட்டங்கள் பல உண்டு. பழத்தைப் பிளந்து எடுத்த விதைகளை உடனே வெயிலில் பரப்புவதில்லை. சதையோடு குவித்து, இலையால் மூடி, சில நாட்கள் நொதிக்க விடுவார்கள். அந்த நாட்களில் விதைக்குள் இருக்கும் நொதியங்கள் விதையின் புரதத்தைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டுகின்றன. பின்பு விதையை வறுக்கும்போது இந்தத் துண்டுகளும் அமினோ அமிலங்களும் வெல்லங்களோடு தாக்கமுற்று, நாம் விரும்பும் சொக்கலேட் மணத்தைத் தருகின்றன. நொதிக்க விடாமல் வறுத்த விதையில் அந்த மணம் வராது. இவ்வாறு புரதத்திலிருந்து வெட்டுண்டு வரும் சிறு சங்கிலிகளுக்குப் பெப்டைட்டுகள் என்று பெயர்.

இந்தப் பெப்டைட்டுகளை ஆராய்வதிலேயே தம் வாழ்நாளின் பெரும் பகுதியைச் செலவிட்ட ஒரு விஞ்ஞானியைப் பற்றியும், அவருடைய வேலையை உலகம் எப்படி அளக்கிறது என்பதைப் பற்றியும் இக்கட்டுரையில் எழுதுகிறேன். இரசாயனவியல் கற்பிக்கும் என்னிடம் உயர்தர வகுப்பு மாணவிகள் அடிக்கடி கேட்பது இது: "டீச்சர், ஒருவர் பெரிய விஞ்ஞானி என்று யார் தீர்மானிக்கிறார்கள்?" இணையத்தில் ஓர் ஆய்வாளரின் பெயரைத் தேடினால், பெயருக்குப் பக்கத்தில் மேற்கோள்கள் இத்தனை, சுட்டெண் இத்தனை என்று எண்கள் வந்து நிற்கின்றன. புலமைப் பரிசில் பரீட்சையிலிருந்து புள்ளிகளோடு வளர்ந்த பிள்ளைகள் அந்த எண்களையும் பரீட்சைப் புள்ளிகளாகவே வாசிக்கிறார்கள். அவை என்ன சொல்கின்றன, எதைச் சொல்வதில்லை என்பதை ஓர் உண்மையான உதாரணத்தை வைத்து விளங்கிக்கொள்வோம்.

பெப்டைட்டு என்றால் என்ன?

மணிகளைக் கோத்த மாலையொன்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மணியும் ஓர் அமினோ அமிலம். ஓர் அமினோ அமிலத்தின் அமிலத் தொகுதியும் அடுத்ததன் அமீன் தொகுதியும் இணையும்போது ஒரு நீர் மூலக்கூறு வெளியேறுகிறது. இரண்டுக்கும் இடையில் பெப்டைட்டுப் பிணைப்பு உருவாகிறது. இரண்டு மணிகள் சேர்ந்தால் இருபெப்டைட்டு. மணிகள் கூடிக்கொண்டே போனால் பல்பெப்டைட்டு. மிக நீண்ட சங்கிலிகளைப் புரதம் என்கிறோம்.

உயிரினங்களின் புரதங்களில் பொதுவாக 20 வகை அமினோ அமிலங்கள் உள்ளன. பிரசவ வேளையில் தாயின் கருப்பையைச் சுருங்கச் செய்யும் ஒட்சிரொசின் என்னும் ஓமோன் வெறும் 9 அமினோ அமிலங்களால் ஆனது. 20 வகை மணிகளைக் கொண்டு 9 மணிகள் உள்ள மாலைகளைக் கோத்தால் 51,200 கோடி வெவ்வேறு மாலைகள் கிடைக்கும். அத்தனையிலும் ஒரே ஒரு வரிசைதான் ஒட்சிரொசின். அமெரிக்கரான வின்சென்ட் டு வின்யோ அதன் வரிசையைக் கண்டறிந்து, 1953இல் ஆய்வுகூடத்தில் அதைச் செய்தும் காட்டினார். 1955இல் அவருக்கு இரசாயனவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. நீரிழிவு நோயாளர்கள் பாவிக்கும் இன்சுலினில் 51 அமினோ அமிலங்கள். அதன் வரிசையைக் கண்டறிந்த பிரெட்ரிக் சாங்கர் 1958இல் நோபல் பரிசு பெற்றார்.

வரிசை தெரிந்தால் மட்டும் போதாது. சங்கிலி எப்படி வளைந்து மடிந்து நிற்கிறது என்பதில்தான் அதன் வேலை தங்கியிருக்கிறது. திறப்பின் பற்கள் சரியான வடிவில் இருந்தால்தானே பூட்டுத் திறக்கும்? பெப்டைட்டுச் சங்கிலிக்கும் அதே நிலைமைதான்.

சென்னையில் வரையப்பட்ட ஒரு படம்

சங்கிலியின் மடிப்பைப் பற்றிய அடிப்படை விடைகளில் ஒன்று நமக்குப் பக்கத்திலேயே, சென்னைப் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. எர்ணாகுளத்தில் 1922இல் பிறந்த ஜி. என். இராமச்சந்திரன் 1952இல் அங்கு பௌதிகவியல் துறையின் தலைவரானார். அவரும் சி. இராமகிருஷ்ணனும் வி. சசிசேகரனும் சேர்ந்து 1963இல் ஒரு சிறிய கட்டுரையை வெளியிட்டார்கள். அச்சில் ஐந்தே பக்கங்கள்.

அவர்கள் எழுப்பிய கேள்வி எளிமையானது. சங்கிலியில் ஒவ்வோர் அமினோ அமிலத்துக்கும் இரண்டு இடங்களில் சுழல முடியும். அந்த இரண்டு கோணங்களும் எந்த அளவிலும் இருக்கலாமா? அணுக்களைக் கடினமான சிறு பந்துகளாகக் கொண்டு, எந்தக் கோணங்களில் இரண்டு பந்துகள் ஒன்றோடொன்று மோதும், எவற்றில் மோதாது என்று கணக்கிட்டார்கள். ஒரு கோணத்தை கிடை அச்சிலும் மற்றதை நிலைக்குத்து அச்சிலும் குறித்துப் படம் வரைந்தபோது, பெரும் பகுதி தடைப்பட்ட இடமாகவும் சில சிறு பகுதிகள் மட்டும் அனுமதிக்கப்பட்ட தீவுகளாகவும் தெரிந்தன. உயிர் இரசாயனவியல் பாடநூல்களில் இன்று "இராமச்சந்திரன் வரைபடம்" என்று காணப்படுவது இதுதான். புதிதாக ஒரு புரதத்தின் அமைப்பைக் கண்டறிந்தவர் அது சரியா என்று பார்க்க இந்தப் படத்தில் வைத்துச் சோதிக்கிறார்.

இராமச்சந்திரன் 1970களின் தொடக்கத்தில் பெங்களூருக்குச் சென்று, இந்திய விஞ்ஞான நிறுவனத்தில் மூலக்கூற்று உயிர்ப்பௌதிகவியல் பிரிவை உருவாக்கினார். அந்தப் பிரிவில் 1973இல் வந்து சேர்ந்த இளம் இரசாயனவியலாளர்தான் நம் கதாநாயகர்.

பலராமின் ஆய்வு வாழ்க்கை

பத்மநாபன் பலராம் 1949இல் பிறந்தவர். பூனேயில் இளமாணிப் பட்டமும் கான்பூர் இந்தியத் தொழில்நுட்ப நிறுவனத்தில் முதுமாணிப் பட்டமும் பெற்றார். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் அணுக்கருக் காந்தப் பரிவு முறையில் ஆய்வு செய்து கலாநிதியானார். அதன் பின் ஹாவார்டில், நோபல் பரிசு பெற்ற ரொபர்ட் வுட்வர்ட்டின் ஆய்வுகூடத்தில் பணியாற்றினார். அங்கேயே தங்கிவிடாமல் 24 வயதில் பெங்களூர் திரும்பினார்.

அவர் எடுத்துக்கொண்ட பொருள் அப்போது பலரும் கவனிக்காத ஓர் அமினோ அமிலம். அதன் சுருக்கப் பெயர் ஏய்ப். சாதாரண அலனினில் நடுக் காபன் அணுவோடு ஒரு மெதைல் தொகுதியும் ஓர் ஐதரசனும் இணைந்திருக்கும். ஏய்ப்பில் அந்த ஐதரசனின் இடத்திலும் ஒரு மெதைல் தொகுதி இருக்கிறது. ஒரு சிறு மாற்றம்தான். ஆனால் விளைவு பெரிது. சனம் நிறைந்த பேருந்தில் இரு கைகளிலும் பை வைத்திருப்பவர் விரும்பிய பக்கம் திரும்ப முடியாததைப் போல, ஏய்ப்பும் விரும்பிய கோணத்துக்குச் சுழல முடியாது. இராமச்சந்திரன் வரைபடத்தில் அதற்குக் கிடைக்கும் தீவுகள் மிகச் சிறியவை. அந்தத் தீவுகள் சுருளி வடிவத்துக்கு உரியவை. ஆகவே சங்கிலியில் தக்க இடங்களில் ஏய்ப்பைக் கோத்தால், சங்கிலி தானாகவே சுருளியாக வளைந்து நிற்கும்.

இதன் பொருளை யோசித்துப் பாருங்கள். வடிவத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது ஒரு வேலை. வடிவத்தை முன்கூட்டியே தீர்மானித்து மூலக்கூறைக் கட்டுவது இன்னொரு வேலை. பலராமும் அவருடைய மாணவர்களும் இரண்டாவது வேலையைச் செய்தார்கள். பங்கசு ஒன்று உற்பத்தி செய்யும் அலமெதிசின் என்ற பெப்டைட்டில் ஏய்ப் நிறைய உண்டு. அது கலங்களின் மென்சவ்வில் நுண்ணிய வழிகளைத் திறந்துவிடுகிறது. அத்தகைய பெப்டைட்டுகளில் தொடங்கிய ஆய்வு, சுருளிகளையும் வளைவுகளையும் விரும்பியபடி வடிவமைக்கும் கலையாக வளர்ந்தது. பிற்காலத்தில், இந்தியக் கரையோரக் கடலில் வாழும் கூம்பு நத்தைகளின் நஞ்சில் உள்ள பெப்டைட்டுகளையும் அவரது குழு ஆராய்ந்தது. இந்த வகை நத்தையொன்றின் நஞ்சிலிருந்து வந்த 25 அமினோ அமிலப் பெப்டைட்டு ஒன்று கடும் வலிக்கான மருந்தாக 2004இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது என்பதையும் இங்கு சேர்த்து நினைவில் வையுங்கள்.

நம் நாட்டவர் ஒருவரும் இந்தக் கதையில் வருகிறார். 1969ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் அவுஸ்திரேலியாவின் மேர்ச்சிசன் என்ற ஊரில் ஒரு விண்கல் விழுந்தது. அதை ஆராய்ந்து, விண்வெளியிலேயே உருவான அமினோ அமிலங்கள் அதில் இருப்பதற்கான சான்றை 1970இல் வெளியிட்ட குழுவில் காலியில் பிறந்த சிறில் பொன்னம்பெரும இருந்தார். அவர்கள் அக்கல்லில் அடையாளம் கண்டவற்றுள் ஏய்ப்பும் ஒன்று. நம் புரதங்களில் இல்லாத அமினோ அமிலம் கல்லில் இருந்தபடியால், அது பூமியிலிருந்து ஒட்டிய அழுக்கு அல்ல என்ற வாதத்துக்கு வலுச் சேர்ந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்து, பின்னர் இரசாயனவியலுக்கு வந்த பொன்னம்பெரும, 1980களில் கண்டியிலுள்ள அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்தின் பணிப்பாளராகவும் இருந்தார். நமக்கு ஒரு மணி நேரப் பயணத் தூரம்தான்.

பலராம் நானூறுக்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகளை எழுதியுள்ளார். 1986இல் இந்தியாவின் பட்நாகர் பரிசு பெற்றார். 1995 முதல் 2013 வரை பெங்களூரிலிருந்து வரும் "கரண்ட் சயன்ஸ்" சஞ்சிகையின் ஆசிரியராகவும், 2005 முதல் 2014 வரை இந்திய விஞ்ஞான நிறுவனத்தின் பணிப்பாளராகவும் இருந்தார். 2014இல் பத்ம பூஷண் விருது பெற்றார்.

மேற்கோள்: தமிழுக்குப் புதிதல்ல

இனி எண்களுக்கு வருவோம். ஓர் ஆய்வாளர் கட்டுரை எழுதும்போது, தமக்கு முன் அந்தப் பொருளைப் பற்றி யார் என்ன செய்தார்கள் என்பதைக் குறிப்பிட வேண்டும். அப்படிக் குறிப்பிடுவதே மேற்கோள். ஒரு கட்டுரையைப் பிற்பாடு வந்த எத்தனை கட்டுரைகள் குறிப்பிட்டன என்பது அதன் மேற்கோள் எண்.

தமிழ் படிக்கும் உங்களுக்கு இது புதிதல்ல. நம் உரையாசிரியர்கள் ஒரு விதியை விளக்கும்போது பழைய நூலிலிருந்து செய்யுளை எடுத்துக் காட்டுவார்கள். யாப்பருங்கலத்துக்கு எழுந்த விருத்தியுரை இன்று நம் கையில் இல்லாத பல நூல்களின் செய்யுள்களை மேற்கோளாகத் தருகிறது. அந்த நூல்கள் அழிந்துவிட்டன. அவற்றின் சில வரிகள் மட்டும் மேற்கோளால் பிழைத்தன. மயிலை சீனி. வேங்கடசாமி "மறைந்துபோன தமிழ் நூல்கள்" என்ற நூலை எழுத முடிந்ததற்குக் காரணம் உரையாசிரியர்களின் இந்த நேர்மைதான். இது எங்கிருந்து வந்தது என்று சொல்லும் பழக்கம் அறிவைக் காப்பாற்றும் பழக்கம்.

விஞ்ஞானத்தில் இதை முறையாக எண்ணத் தொடங்கியவர் அமெரிக்கரான யூஜின் கார்பீல்ட். 1955இல் இந்த யோசனையை முன்வைத்து, 1964இல் விஞ்ஞான மேற்கோள் அட்டவணையை வெளியிடத் தொடங்கினார். ஒரு பழைய கட்டுரையிலிருந்து அதைத் தொடர்ந்து வந்த புதிய கட்டுரைகளைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும் என்பதே அவர் முன்வைத்த முதல் நோக்கம். நூலகத்தில் வழிகாட்டும் பலகையாக வந்தது, காலப்போக்கில் ஆட்களை நிறுக்கும் தராசாக மாறிவிட்டது.

இரண்டு எண்களைக் கணக்கிடுவோம்

முதலாவது எச் சுட்டெண். பௌதிகவியலாளர் ஜோர்ஜ் ஹேர்ஷ் 2005இல் முன்மொழிந்தது. ஓர் ஆய்வாளரின் கட்டுரைகளை மேற்கோள் அதிகமானது முதலாக வரிசைப்படுத்துங்கள். 40, 22, 9, 4, 3, 0 என்று ஆறு கட்டுரைகள் இருப்பதாகக் கொள்வோம். நான்காவது கட்டுரைக்கு நான்கு மேற்கோள் உண்டு. ஐந்தாவதற்கு ஐந்து இல்லை. ஆகவே சுட்டெண் 4. இன்னொருவரிடம் மூன்றே கட்டுரைகள்: 5,000, 3, 1. அவருடைய சுட்டெண் 2. உலகம் முழுவதும் பயன்படுத்தும் ஒன்றைக் கண்டுபிடித்தவர் இந்தத் தராசில் இலேசாகிப் போகிறார் என்பதைக் கவனித்தீர்களா?

இரண்டாவது தாக்கக் காரணி. இது ஆளுக்குரியதல்ல, சஞ்சிகைக்குரியது. ஒரு சஞ்சிகை 2021, 2022 ஆகிய இரு ஆண்டுகளில் 80 கட்டுரைகள் வெளியிட்டதாகவும், அவற்றை 2023இல் 200 தடவை மற்றவர்கள் மேற்கோள் காட்டியதாகவும் கொள்வோம். 200ஐ 80ஆல் வகுத்தால் 2.5. இது ஒரு சராசரி. வகுப்பின் சராசரிப் புள்ளி 60 என்றால் ஒவ்வொரு பிள்ளையும் 60 எடுத்தாள் என்று அர்த்தமா? அதைப் போலத்தான் இதுவும்.

எண் சொல்லாமல் விடுபவை

முதலில், மேற்கோள் பயன்பாட்டைச் சொல்லும், ஆழத்தைச் சொல்லாது. உலகில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட ஆய்வுக் கட்டுரை 1951இல் ஒலிவர் லௌரியும் அவரது சகாக்களும் எழுதியது. ஒரு கரைசலில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று அளக்கும் முறை அது. 2014 அளவில் அதற்கு 3 இலட்சத்துக்கு மேற்பட்ட மேற்கோள்கள் சேர்ந்திருந்தன. ஆய்வுகூடங்களில் நாளாந்தம் தேவைப்படும் முறை என்பதால் எல்லோரும் குறிப்பிட்டார்கள். அது ஒரு மகத்தான கட்டுரை அல்ல என்று லௌரியே பின்னாளில் எழுதினார்.

இரண்டாவது இதற்கு நேர் எதிரானது. ஒரு வேலை மிக ஆழமாக வேரூன்றிவிட்டால் அதை யாரும் மேற்கோள் காட்டுவதே இல்லை. பூச்சியத்தைப் பாவிக்கும்போது அதைத் தந்தவர்களை நாம் குறிப்பிடுகிறோமா? இராமச்சந்திரன் வரைபடத்துக்கும் இது நடந்தது. 1963ஆம் ஆண்டுக் கட்டுரைக்கு ஏராளமான மேற்கோள்கள் உண்டு. ஆனால் வரைபடத்தைப் பெயரால் மட்டும் குறிப்பிட்டு, மூலக் கட்டுரையைச் சுட்டாமல் போகும் ஆய்வுகளும் பாடநூல்களும் அநேகம். வேலை பொதுச் சொத்தானதும் எண்ணிக்கை நின்றுவிடுகிறது. சமூகவியலாளர் ரொபர்ட் மேர்ட்டன் இந்த நிலைமையை ஆராய்ந்து அதற்கு ஒரு பெயரும் சூட்டினார்.

மூன்றாவது, துறைக்குத் துறை வழக்கம் வேறு. மருத்துவ ஆய்வில் ஆய்வாளர்கள் அதிகம். ஒவ்வொரு கட்டுரையும் நீண்ட மேற்கோள் பட்டியலோடு வரும். கணிதத்தில் ஆட்கள் குறைவு, பட்டியலும் சிறியது. கணிதவியலாளர் ஒருவரின் 50 மேற்கோளையும் மருத்துவ ஆய்வாளர் ஒருவரின் 50 மேற்கோளையும் ஒன்றாக வைக்க முடியாது. நம் நாட்டில் பல்கலைக்கழக அனுமதிக்கு 2001 முதல் இசட் புள்ளி முறை வந்ததற்கும் இதுதான் காரணம். இரசாயனவியலில் எடுத்த 60ஐயும் இன்னொரு பாடத்தில் எடுத்த 60ஐயும் அப்படியே கூட்டினால் கடினமான பாடம் எடுத்தவருக்கு அநீதி. ஆகவே அந்தப் பாடத்தின் சராசரியிலிருந்து எவ்வளவு தூரம் என்று பார்க்கிறோம். மேற்கோளையும் அந்தந்தத் துறையின் சராசரியோடு வைத்தே பார்க்க வேண்டும்.

நான்காவது, கூட்டு வேலையில் யார் பங்கு எவ்வளவு என்பதை எண் காட்டாது. பலராமின் பெப்டைட்டுகள் உண்மையிலேயே சுருளியாகத்தான் நிற்கின்றன என்பதை எக்ஸ் கதிர் மூலம் காட்டியவர்களில் முதன்மையானவர் இசபெலா கார்ல் என்ற பெண்மணி. போலந்திலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த பெற்றோருக்கு 1921இல் பிறந்தவர். வாஷிங்டனிலுள்ள கடற்படை ஆய்வுகூடத்தில் பணியாற்றியவர். பளிங்கொன்றின் எக்ஸ் கதிர்ப் பதிவிலிருந்து மூலக்கூறின் வடிவத்தை நேரடியாகக் கண்டறியும் கோட்பாட்டை அவருடைய கணவர் ஜெரோம் கார்லும் ஹேர்பேட் ஹவுப்ட்மனும் உருவாக்கினார்கள். அதை ஆய்வுகூடத்தில் நடைமுறைக்குக் கொண்டுவந்து, சிக்கலான மூலக்கூறுகளைத் தீர்த்துக் காட்டியவர் இசபெலா. 1985இல் நோபல் பரிசு ஆண்கள் இருவருக்கும் போனது. அவருடைய பெயர் அதில் இல்லை. பெங்களூருக்கும் வாஷிங்டனுக்கும் இடையில் நெடுங்காலம் நீடித்த கூட்டு வேலையில் கார்ல், பலராம் இருவர் பெயரும் சேர்ந்து வந்த கட்டுரைகள் இன்றும் மேற்கோள் காட்டப்படுகின்றன. மாணவிகளே, ஒரு கட்டுரையின் ஆசிரியர் பட்டியலைப் பார்க்கும்போது, கையால் அந்த வேலையைச் செய்தவர் யார் என்று ஒருமுறை கேளுங்கள்.

ஐந்தாவது, எண்ணே குறிக்கோளாகிவிட்டால் எண் கெட்டுப்போகும். மேற்கோளுக்குப் பதவியும் பணமும் கிடைக்கும் இடங்களில் தன்னையே தேவையின்றி மேற்கோள் காட்டுவதும், நண்பர்கள் ஒருவரையொருவர் மாறி மாறிக் காட்டுவதும், ஒரு கட்டுரையாக வர வேண்டியதை மூன்றாகப் பிரிப்பதும் நடக்கின்றன. கடந்தகால வினாத்தாள்களை மட்டும் மனனம் செய்து உயர்ந்த புள்ளி எடுத்துவிட்டு, ஆய்வுகூடத்தில் அளவியைப் பிடிக்கத் தெரியாமல் நிற்பதைப் போன்றது இது.

பலராம் இதில் வேடிக்கை பார்த்தவர் அல்லர். நிறைய மேற்கோள் காட்டப்பட்ட ஓர் ஆய்வாளர், தம் சஞ்சிகையின் தலையங்கங்களில் மேற்கோள் எண், தாக்கக் காரணி, தரவரிசை ஆகியவற்றின் குறைகளைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பேசினார். எண்ணால் இலாபம் அடையும் இடத்தில் இருப்பவர் எண்ணைக் கேள்வி கேட்டார் என்பதே என்னை இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது. உலக அளவிலும் இந்தக் குரல் எழுந்தது. ஆய்வாளரை மதிப்பிடச் சஞ்சிகையின் தாக்கக் காரணியைப் பாவிக்கக் கூடாது என்று சான் பிரான்சிஸ்கோவில் 2012இல் கூடியவர்கள் ஒரு பிரகடனத்தைத் தயாரித்தார்கள். 2015இல் வெளிவந்த லைடன் அறிக்கை, எண்கள் நிபுணர்களின் மதிப்பீட்டுக்குத் துணையாக இருக்கலாம், அதன் இடத்தைப் பிடிக்கக் கூடாது என்றது.

அப்படியானால் எண் வேண்டாமா?

வேண்டும். எண் முற்றிலும் பயனற்றது என்று நான் சொல்லவில்லை. ஒரு வேலையை ஆயிரம் பேர் குறிப்பிட்டிருந்தால், அங்கே ஏதோ இருக்கிறது, போய்ப் பார் என்று அது நமக்குச் சொல்கிறது. வாசலைக் காட்டுவது எண். உள்ளே போய் வாசிப்பது நம் வேலை. ஒரு விஞ்ஞானியைப் பற்றி அறிய விரும்பினால் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்: அவர் எடுத்துக்கொண்ட கேள்வி என்ன? அதற்கு முன் என்ன தெரிந்திருந்தது? அவர் வேலைக்குப் பின் மற்றவர்களால் என்ன செய்ய முடிந்தது? அவரிடம் பயின்றவர்கள் இன்று எங்கே, என்ன செய்கிறார்கள்? பலராமைப் பற்றி இந்தக் கேள்விகளைக் கேட்டால், "சங்கிலியின் வடிவத்தை முன்கூட்டியே தீர்மானிக்கலாம் என்று செய்து காட்டினார்" என்ற ஒரு வரி விடையாக வரும். எந்தச் சுட்டெண்ணும் அந்த வரியைச் சொல்லாது.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பெறுபேறு வரும் நாளில் வீட்டுக்கு வரும் தொலைபேசி அழைப்புகள் எல்லாம் ஒரே கேள்வியோடுதான் வருகின்றன: "எத்தனை ஏ?" இசட் புள்ளி பிள்ளை எந்தப் பீடத்துக்குப் போவாள் என்பதைத் தீர்மானிக்கும், அதன் பலம் எனக்குத் தெரியும், அதற்காகவே நாளும் பாடம் நடத்துகிறேன். ஆயினும் வருடத்தில் ஏனைய நாட்களில் வேறொரு கேள்வியையும் கேட்டுப் பாருங்கள்: "இன்றைக்கு உனக்கு விளங்காதது என்ன?" ஏய்ப்பை ஏன் யாரும் கவனிக்கவில்லை என்று ஒருவர் யோசித்ததிலிருந்துதான் மேலே சொன்ன முழு ஆய்வு வாழ்க்கையும் வந்தது. அந்த யோசனைக்குப் புள்ளி போடும் பரீட்சை இன்னும் வரவில்லை. வீட்டில் கேட்டால்தான் உண்டு.

பயிற்சி

1. ஓர் ஆய்வாளரின் ஏழு கட்டுரைகளுக்குக் கிடைத்த மேற்கோள்கள்: 15, 12, 8, 6, 5, 5, 2. அவருடைய எச் சுட்டெண் யாது?

2. 20 வகை அமினோ அமிலங்களைக் கொண்டு எத்தனை வேறுபட்ட மும்பெப்டைட்டுகளை ஆக்கலாம்? ஒரே வகை திரும்ப வரலாம் எனக் கொள்க.

3. கிளைசீனின் நடுக் காபனில் இரண்டு ஐதரசன்கள் உள்ளன. இராமச்சந்திரன் வரைபடத்தில் அதற்கு அனுமதிக்கப்பட்ட பகுதி அலனினைவிடக் கூடுமா, குறையுமா? காரணம் கூறுக.

4. தமிழ் இலக்கிய மாணவிகளுக்கு: உங்கள் பாடப் பகுதிக்குரிய உரையில் ஒரு மேற்கோளைத் தெரிந்தெடுத்து, அதன் மூல நூலைத் தேடி, உரையாசிரியர் காட்டிய பொருளில்தான் அது அங்கே வருகிறதா என்று பாருங்கள்.

விடைகளை எழுதி அடுத்த தவணைத் தொடக்கத்தில் ஆய்வுகூடத்துக்குக் கொண்டு வாருங்கள். நான்காவது வினாவின் விடையைத் தமிழ் ஆசிரியையிடமும் காட்டுங்கள். மூல நூல் நூலகத்தில் எந்த அலுமாரியில் இருக்கிறது என்பதை அவர் சொல்வார்.